காலநிலைக்கு ஒவ்வாதவர்கள்

எட்மன்ரன் நகரத்தில் இருந்து வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் போனால், அதபாஸ்கா என்ற சிறு பட்டினத்துக்குக் கிழக்குப் பக்கமாக அம்பர் வாலி என்று ஒரு இடம் வரும். காரில் போகிறவர்கள் கவனிக்காமலே கடந்து போகக்கூடிய இடம். ஒரு காலத்தில் அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் காடு வெட்டி, வீடு கட்டி, பள்ளிக்கூடமும் தேவாலயமும் அமைத்து ஒரு ஊராக வாழ்ந்தார்கள். எங்களில் கனபேருக்கு இது தெரியாது. கனடாவில் கறுப்பின மக்கள் என்றால் அண்மையில் வந்தவர்கள் என்றோ, ரொறொன்ரோவிலும் மொன்றியாலிலும் மட்டும் இருப்பவர்கள் என்றோதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

புத்தாண்டு மலருக்கு வரும் சரித்திரக் கட்டுரைகளில் சங்கிலியனும் பண்டாரவன்னியனும் வருவது வழக்கம். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் ஏ.எல். வரையும் படித்துவிட்டு இங்கே வந்து தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஆனாலும் எங்கட பிள்ளைகள் பிறந்து வளருகிற இந்த மண்ணின் கதையையும் நாங்கள் கொஞ்சம் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒக்லகோமாவில் இருந்து புறப்பட்ட சனம்

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர், தெற்கு மாநிலங்களின் கொடுமை தாங்காமல் மேற்கே போய், பின்னர் ஒக்லகோமா என்று பெயர் பெற்ற நிலப்பகுதியில் குடியேறினார்கள். அங்கே ஏற்கனவே பூர்வகுடி மக்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலையான கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள். தங்களுக்கென்று காணி, கடை, வங்கி, பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு தனி ஊர்களையே உருவாக்கினார்கள். 1903இல் தோன்றிய போலி என்னும் ஊர் அவற்றுள் பெயர் பெற்றது.

1907ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி ஒக்லகோமா ஒரு மாநிலமாக ஆக்கப்பட்டது. புதிய சட்டசபை கூடியதும் கொண்டுவந்த முதல் மசோதா எது தெரியுமா? ரெயிலில் கறுப்பருக்கு வேறு பெட்டி, வெள்ளையருக்கு வேறு பெட்டி என்பதுதான். 1910இல் வாக்குரிமையிலும் கை வைத்தார்கள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வாக்கு. ஆனால் 1866க்கு முன்பே வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் சந்ததிக்கு அந்தப் பரீட்சை தேவையில்லை என்று விதி செய்தார்கள். 1866க்கு முன் கறுப்பனின் பாட்டன் அடிமை. அடிமைக்கு ஏது வாக்கு? "கறுப்பன்" என்ற சொல்லே சட்டத்தில் இல்லை, ஆனால் வெட்டு விழுந்தது கறுப்பன் மேல்தான். 1948இல் மலையக மக்களிடம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று பத்திரம் கேட்ட கதையை அறிந்த எங்களுக்கு இந்த வித்தையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல்தான் அந்த விதி செல்லாது என்றது.

சட்டத்துக்குப் பின்னால் கயிறும் வந்தது. 1911 மே 25ஆம் திகதி ஒகீமா என்ற ஊருக்கு அருகில், லோரா நெல்சன் என்ற தாயையும் அவருடைய பதின்ம வயது மகனையும் சிறையில் இருந்து இழுத்துச் சென்று ஆற்றுப் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பாலத்தின் மேல் சனம் வரிசையாக நின்று படம் பிடித்தது. அந்தப் படம் தபால் அட்டையாக அச்சிடப்பட்டது. எத்தனையோ படங்களைப் பார்த்து மனம் மரத்துப்போன எங்களாலும் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

பத்து டொலருக்கு 160 ஏக்கர்

இதே காலத்தில் கனடா அரசாங்கம் மேற்குப் புல்வெளிப் பிரதேசத்தை நிரப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தது. 1872ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின்படி, 10 டொலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் காணி. மூன்று வருஷம் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தைப் பண்படுத்திக் காட்டினால் அது சொந்தமாகிவிடும். அமெரிக்கப் பத்திரிகைகளில் கனடா அரசு விளம்பரம் போட்டது. ஒக்லகோமாவில் கறுப்பின மக்களும் அந்த விளம்பரங்களை வாசித்தார்கள்.

இலவசக் காணி என்று சொன்னாலும் அது வெறும் காணி அல்ல. கிறீ முதலான பூர்வகுடி மக்களின் நிலம். 1876இலும் 1899இலும் ஒப்பந்தங்கள் செய்து அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தச் சரித்திரம் முழுமையாகாது.

1905க்கும் 1912க்கும் இடையில் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வரையான கறுப்பின மக்கள் அல்பேர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் வந்து சேர்ந்தார்கள். அல்பேர்ட்டாவில் ஜங்கின்ஸ், கீஸ்ரோன், காம்ப்சி, பைன் கிறீக் ஆகிய இடங்களிலும், சஸ்காச்சுவானில் மெய்ட்ஸ்ரோனுக்கு அருகிலும் குடியேறினார்கள். ஜங்கின்சுக்கு இப்போது வைல்ட்வூட் என்றும் கீஸ்ரோனுக்கு பிறெற்றன் என்றும் பெயர். பைன் கிறீக்தான் பின்னர் அம்பர் வாலி ஆனது. அதே காலத்தில் அமெரிக்காவில் இருந்து வந்த வெள்ளையர்கள் லட்சக்கணக்கில். கனடாவுக்கு 1911ஆம் ஆண்டு மட்டும் வந்த குடிவரவாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அந்தச் சனக்கடலில் இந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் எந்த மூலைக்கு?

ஆனாலும் நாடு பதறியது.

மோதிரமும் மனுவும்

1911 மார்ச் மாதம் போதகர் ஹென்றி சினீட் தலைமையில் ஏறத்தாழ 200 பேர் மனிற்றோபா எல்லையில் உள்ள எமர்சன் என்ற இடத்துக்கு ரெயிலில் வந்து இறங்கினார்கள். குதிரைகள், கலப்பைகள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் தனி வாகன்களில் வந்தன. அதிகாரிகள் உடம்பைச் சோதித்தார்கள், காசைச் சோதித்தார்கள், பத்திரங்களைச் சோதித்தார்கள். திருப்பி அனுப்ப ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உள்ளே விட வேண்டியதாயிற்று.

செய்தி எட்மன்ரனுக்குப் போனதும் ஊர் இரண்டுபட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரு பக்கமாகவே நின்றது. வர்த்தகர் சங்கம் ஒரு மனுவைத் தயாரித்து, வங்கி, கடை, ஹோட்டல் என்று எங்கும் கையெழுத்துக்கு வைத்தது. பிரதமர் வில்பிரிட் லோறியேக்குப் போன அந்த மனுவில் 3,400க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அப்போது எட்மன்ரனின் சனத்தொகை 25,000 வரைதான். பச்சைக் குழந்தைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலே ஏழு பேருக்கு ஒருவர் கையெழுத்து வைத்திருக்கிறார்!

இதற்கிடையில் ஏப்ரல் மாதத்தில் இன்னொரு சம்பவம். எட்மன்ரனில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் மயங்கிக் கிடந்தாள். கறுப்பன் ஒருவன் புகுந்து தன்னைத் தாக்கி வைர மோதிரத்தைப் பறித்துக்கொண்டு போனான் என்று சொன்னாள். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஒரு கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். சில நாட்கள் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, வீட்டில் அடி விழும் என்ற பயத்தில் பிள்ளை கட்டிய கதை அது. ஆனால் அதற்குள் பொய் எட்ட வேண்டிய இடத்தை எல்லாம் எட்டிவிட்டது. மனுவில் வைத்த கையெழுத்தை யாரும் அழிக்கவில்லை.

குளிர் தாங்காது என்ற நியாயம்

அந்த நேரம் குடிவரவுக்குப் பொறுப்பான அமைச்சர் பிராங் ஒலிவர். எட்மன்ரனின் நாடாளுமன்ற உறுப்பினர், எட்மன்ரன் புல்லற்றின் பத்திரிகையைத் தொடங்கியவர். 1910இல் அவர் காலத்தில் வந்த குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, கனடாவின் காலநிலைக்கு ஒவ்வாதது என்று கருதப்படும் எந்த இனத்தையும் தடுக்க மந்திரிசபைக்கு அதிகாரம் கொடுத்தது. அதைக் கையில் எடுத்து, 1911 ஆகஸ்ட் 12ஆம் திகதி லோறியே மந்திரிசபை ஒரு கட்டளை பிறப்பித்தது. நீக்ரோ இனத்தவர் கனடாவின் காலநிலைக்கும் தேவைகளுக்கும் ஒவ்வாதவர்கள் எனக் கருதப்படுவதால், ஒரு வருஷ காலத்துக்கு அவர்கள் கனடாவில் குடியேறத் தடை என்பதே அதன் சாரம்.

காலநிலை! இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பிரித்தானியாவின் பக்கம் நின்ற கறுப்பின மக்கள் ஏறத்தாழ 3,000 பேர் 1783ஆம் ஆண்டளவில் நோவா ஸ்கோசியாவில் குடியேறினார்கள். அவர்களைக் குளிர் கொன்றதா? 1909இல் பியரியின் வட துருவப் பயணத்தில் பனிமேல் கூட நடந்தவர் மத்தியூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவர்.

அவ்வளவு தூரம் ஏன், அல்பேர்ட்டாவிலேயே ஜோன் வெயார் இருந்தார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். 1882இல் ஆயிரக்கணக்கான மாடுகளைச் சாய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, இங்கேயே தங்கி, பின்னர் சொந்தமாகப் பட்டி வைத்தார். அவருடைய மாடுகளின் குறி 9999. கல்யாணம் கட்டிப் பிள்ளைகளைப் பெற்று, இருபதுக்கு மேற்பட்ட மாரிகளைக் கண்டார். 1905இல் குதிரை வளையில் கால் இடறி விழுந்ததால்தான் இறந்தார், குளிரால் அல்ல. கல்கரியில் நடந்த அவருடைய செத்தவீட்டுக்கு வெள்ளையர்கள் திரண்டு வந்தார்கள். 2012இல் கனடாத் தபால் திணைக்களம் அவருக்கு முத்திரை வெளியிட்டது. தனி ஒரு கறுப்பன் வந்தால் வீரன் என்று புகழ்ந்த ஊர், இருநூறு பேர் குடும்பமாக வந்ததும் காலநிலை பேசியது.

அந்தக் கட்டளை நடைமுறைக்கு வரவில்லை. செப்ரெம்பரில் நடந்த தேர்தலில் லோறியே தோற்றார். ஒக்ரோபர் 5ஆம் திகதி கட்டளை ரத்துச் செய்யப்பட்டது. நல்ல முடிவு என்று நினைக்க வேண்டாம். கட்டளைக்குத் தேவை இல்லாமலே அலுவல் முடிந்துவிட்டது. கனடா அரசு ஒக்லகோமாவுக்கு ஆட்களை அனுப்பி, கனடாவில் குளிர் தாங்காது, பயிர் வராது, பட்டினி கிடப்பீர்கள் என்று ஊர் ஊராகப் பயங்காட்டியது. சொன்னால் நம்ப வேண்டும் என்பதற்காக சிக்காகோவைச் சேர்ந்த ஒரு கறுப்பின வைத்தியரையே சம்பளம் கொடுத்து அனுப்பியது. எல்லையில் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. 1912ஓடு அந்த வருகை நின்றுபோனது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி தடையும் இல்லை, ஆனால் கதவு பூட்டிவிட்டது.

அதே 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 38ஆம் பிரிவை வைத்துத்தான் 1914இல் கொமகாற்றா மாரு கப்பலில் வந்த 376 இந்தியரில் பெரும்பாலோரை வன்கூவரில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். இன அடிப்படையிலான விதிகள் 1962இல்தான் பெருமளவு நீக்கப்பட்டன. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கட ஆட்கள் 155 பேரைக் கனடா உள்ளே எடுத்தது என்றால், இடையில் யாரோ அந்தப் பூட்டை உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தானாகத் திறந்த கதவு இல்லை.

அம்பர் வாலியில் வாழ்க்கை

வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த காணி எப்படிப்பட்டது? நல்ல புல்வெளி நிலங்கள் எல்லாம் முதலே போய்விட்டன. இவர்களுக்கு மிஞ்சியது அடர்ந்த காடும் சதுப்பு நிலமும். கால் வைத்தால் புதையும் சேறு. மரங்களை வெட்டி, குறுக்காக அடுக்கி, அதன் மேல்தான் வண்டிப் பாதை அமைத்தார்கள். கோடையில் நுளம்பு, மாரியில் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை. பருத்தி விளைந்த நாட்டில் இருந்து வந்தவர்கள் கோடாலியை எடுத்து மரவீடு கட்டப் பழகினார்கள்.

கையில் காசு தீர்ந்ததும் ஆண்கள் எட்மன்ரனுக்குப் போய் ரெயில்பாதை வேலை, இறைச்சித் தொழிற்சாலை வேலை என்று கிடைத்ததைச் செய்து காசு அனுப்பினார்கள். பெண்கள் பிள்ளைகளோடு காட்டுக்குள் தனியாக இருந்து, விறகு கொத்தி, மாடு பார்த்து, காணி கைவிட்டுப் போகாமல் காத்தார்கள். புருஷன் வெளியூரில், பெஞ்சாதி பிள்ளைகளோடு தனிய என்பது எங்கட சனத்துக்குப் புதிய கதை இல்லை. அம்பர் வாலி நிலைத்தது என்றால் பாதிக்கு மேல் அந்தப் பெண்களால்தான் என்று நான் நினைக்கிறேன்.

1913இல் ரோல்ஸ் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. நிம்ரொட் ரோல்ஸ் என்பவர் அதற்குக் காணி கொடுத்தார். அடுத்த வருஷம் தேவாலயம் எழுந்தது. 1910இல் வந்த ஜெஃப் எட்வேர்ட்ஸ் என்பவர் பள்ளிக்கூடம், ஊர் நிர்வாகம் என்று எல்லாவற்றிலும் முன்னின்றார். அம்பர் வாலியின் பேஸ்போல் அணி அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர் எடுத்தது. மைதானத்தில் அவர்களோடு விளையாட வெள்ளை ஊர்களும் வந்தன. 1931இல் தபாற்கந்தோர் வந்தபோதுதான் அம்பர் வாலி என்ற பெயர் நிலைத்தது.

பட்டினத்தில் நிலைமை வேறு. 1922இல் லூலு அன்டர்சன் என்ற பெண்ணை எட்மன்ரனில் ஒரு தியேட்டருக்குள் விட மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார், தோற்றார். 1924இல் பொது நீச்சல் குளங்களில் கறுப்பருக்குத் தடை போடப் பார்த்தார்கள். மாநகரசபை அதை நீக்கியது. வென்றும் தோற்றும் அவர்கள் வழக்குப் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளம் ஆட்கள் படிப்புக்கும் வேலைக்குமாக எட்மன்ரனுக்கும் கல்கரிக்கும் போனார்கள். ஊர் மெல்ல மெல்லக் கரைந்தது. 1968இல் தபாற்கந்தோரும் மூடப்பட்டது. ஆனால் ஊர் கரைந்தாலும் ஆட்கள் கரையவில்லை. கீஸ்ரோனில் குடியேறிய குடும்பத்தின் பேத்தி வயலெற் கிங் 1954இல் கனடாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் ஆனார். அம்பர் வாலியில் பிறந்த ஒலிவர் பவன் என்ற பொறியியலாளர்தான் 1981இல் ஓடத் தொடங்கிய கல்கரி சீ-ட்ரெயின் வேலைகளை முன்னின்று நடத்தியவர். கல்கரியில் இருக்கும் எங்கட சனம், மார்கழிக் குளிரில் காலமை வேலைக்குப் போக ஏறுகிற அதே ரெயில். காலநிலைக்கு ஒவ்வாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளை போட்ட பாதை அது.

நாங்கள் செய்ய வேண்டியது

அம்பர் வாலி மக்கள் தங்கள் சரித்திரத்தை வேறு யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1981இல் வெல்மா காட்டர் இன்னொருவருடன் சேர்ந்து பழைய ஆட்களின் நினைவுகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார். கீஸ்ரோனைப் பற்றி ஆசிரியை குவென் ஹுக்ஸ் எழுதினார். 2018இல் சந்ததியினரின் வாய்மொழியை வைத்து ஒரு ஆவணப்படமும் வந்தது. எண்பதுகளில் வந்த எங்கட மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கப்பலில், எந்த எல்லையால், யார் கை கொடுக்க வந்தார்கள் என்பது அவர்களோடேயே போகிறது. இந்த வருஷமாவது ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினால் நல்லது.

மற்றது, கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கட வீடுகளில், கொண்டாட்டங்களில், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே "காப்பிலி" என்ற சொல் சாதாரணமாக வருகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களுக்கு வழங்கிய பெயரின் மிச்சம் அது. அவர்களின் சந்ததி புத்தளம் பகுதியில் இன்றும் வாழ்கிறது. "அவங்கள் இருக்கிற பக்கம் வீடு வாங்காதே" என்று புத்தி சொல்கிற பெரியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். 1911இல் எட்மன்ரனில் கையெழுத்து வைத்த 3,400 பேரும் கெட்டவர்கள் இல்லை. கோயில் குளம் போகிற, பிள்ளை குட்டி வளர்க்கிற சாதாரண ஆட்கள்தான். அவர்களும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

எட்மன்ரனில் பிராங் ஒலிவரின் பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதி நெடுங்காலம் இருந்தது. பூர்வகுடிகளுக்கும் கறுப்பினத்தவருக்கும் அவர் செய்ததை மக்கள் எடுத்துச் சொல்லி, 2025 ஜனவரி முதல் அந்தப் பகுதிக்கு கிறீ மொழியில் வீக்வெந்தோவின் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. நண்பர்களின் வட்டம் என்று அர்த்தமாம்.

கடைசியாக நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பஸ் பிடித்து பான்ஃப் மலைக்குப் போகிறோம். இந்தமுறை ஒரு நாளைக்கு மட்டும் பஸ்ஸை வடக்குப் பக்கம் திருப்பி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்பர் வாலிக்குப் போய் வருவோம். சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிற பொறுப்பை நானும் என் கூட்டாளிகளும் எடுக்கிறோம். முதலே போய் இடம் பார்த்து, யாரோடு கதைக்க வேண்டும் என்று விசாரித்து வரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

வாசகர்கள் எல்லோருக்கும் என் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.